'ஆஸ்பத்திரியில யாரு நிக்கா?' – நோயாளிக்குத் துணையிருப்பவரின் தனிமை பற்றி ஒரு விளக்கம்

2025 ஜூன் 30 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்றும், தனிமையோடு தொடர்புள்ள இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000-க்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 100 என்றும் அது மதிப்பிட்டது. செய்தியைப் படித்த பலருக்கும் மனத்தில் வந்திருக்கக்கூடிய படம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றையாய் இருக்கும் முதியவர். அந்தப் படம் தவறில்லை. ஆனால் அறிக்கை தரும் வரையறையை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவமனைப் பக்கம் போனால், வார்டு வராந்தாவில் பாய் விரித்து, தலைமாட்டில் ஒயர்கூடையும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு, ஐம்பது பேருக்கு நடுவில் படுத்திருக்கும் பெண்ணுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

அவரைச் சுற்றி எந்நேரமும் ஆள் இருக்கிறது. போன் ஓயாமல் அடிக்கிறது. அப்புறம் என்ன தனிமை என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தனிமை என்று எதைச் சொல்கிறோம்

தமிழில் 'தனிமை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று, ஆள் துணை இல்லாமல் இருப்பது. இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிடலாம்: வீட்டில் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை பேரிடம் பேசினார் என்று எண்ணலாம். மற்றது, ஒருவர் வேண்டுகிற உறவுக்கும் அவருக்குக் கிடைக்கிற உறவுக்கும் இடையில் விழும் பள்ளம் தருகிற வலி. இதை எண்ண முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும். அந்த அறிக்கையும் மருத்துவ ஆய்வுகளும் தனிமை என்று சொல்வது இந்த இரண்டாவதை. நெல்லைப் பேச்சில் இதற்குப் பொருத்தமான சொல் இருக்கிறது. வீடு நிறைய ஆள் இருக்கும்போதும் ஒருவர் "நான் ஒத்தையில கெடந்து அல்லாடுதேன்" என்று சொல்வார். கேட்பவர்கள் யாரும் தலைகளை எண்ணிப் பார்த்து மறுத்துப் பேசுவதில்லை.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் இந்த வலியையே இரண்டாகப் பிரித்தார். மனசுக்கு மிக நெருங்கிய ஓர் ஆள் இல்லாமல் போவதால் வருவது உணர்வுத் தனிமை. ஊர், அக்கம்பக்கம், வேலைக் கூட்டம் என்ற வட்டத்திலிருந்து அறுந்துபோவதால் வருவது சமூகத் தனிமை. ஒன்றைக் கொண்டு மற்றதை நிரப்ப முடியாது என்பது அவர் முன்வைத்த முக்கியமான கருத்து. ஆஸ்பத்திரியில் துணை நிற்பவருக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேரக்கூடும். எப்படி என்று பார்க்குமுன், அவர் செய்யும் வேலை என்ன என்பது தெளிவாக வேண்டும்.

'நிற்பது' என்ற வேலை

நெல்லைச் சீமையில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் முதல் கேள்வி, "என்ன செய்யுது?" அடுத்த கேள்வி, "கூட யாரு நிக்கா?" அட்டெண்டர், பைஸ்டாண்டர் என்றெல்லாம் பாஸில் எழுதியிருந்தாலும் ஊர் வைத்த பெயர் 'நிற்கிற ஆள்'தான். சரியான பெயர். நோயாளிக்குக் கட்டில் உண்டு. நிற்கிறவருக்குப் பல இடங்களில் நாற்காலிகூடக் கிடையாது.

அவர் என்ன செய்கிறார்? சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கு ஓடுகிறார். ரத்தக் குழாயை லேபில் கொடுத்து, ரிப்போர்ட்டுக்கு மறுபடி போய் நிற்கிறார். ஸ்கேனுக்குக் கொண்டு போகும்போது ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிக்கிறார். குளுக்கோஸ் பாட்டில் தீர்கிறதா என்று இரவெல்லாம் பார்த்திருந்து நர்ஸிடம் சொல்கிறார். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கிறார். மூத்திரப் பையைக் காலி செய்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். அந்த அளவு எட்டாத வார்டில் மிச்ச வேலையெல்லாம் நிற்கிற ஆளின் தோளில்தான் இறங்குகிறது. இவ்வளவு வேலை செய்பவரின் பெயர் கேஸ் ஷீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: ஒப்புதல் கையெழுத்துப் போடும் இடத்தில்.

இந்த வட்டாரத்துக்கென்று சில கூடுதல் பாரங்கள் உண்டு. தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. ஆனாலும் பெரிய வைத்தியம் என்றால் 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும், நகரைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் ஆட்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தென்காசியிலிருந்து நகரம் 50 கிலோமீட்டருக்கு மேல். சங்கரன்கோவில், திசையன்விளைக்காரர்களுக்கும் அதே கதைதான். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். வெளியூர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். "ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்ல முடியாத தூரம் இது.

ஆண் பிள்ளைகள் சென்னையிலோ, கோயம்புத்தூரிலோ, மும்பையிலோ, வளைகுடாவிலோ வேலை பார்க்கும் வீடுகள் இங்கே ஏராளம். பணம் அனுப்பப் பலர் இருப்பார்கள். நிற்க ஒருவர்தான் இருப்பார். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி, மருமகள் அல்லது பக்கத்து ஊரில் வாக்கப்பட்ட மகள். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தனர், ஆண்களில் 21.4 சதவீதம். அப்படி ஈடுபட்ட பெண்கள் நாளைக்கு 140 நிமிடமும் ஆண்கள் 74 நிமிடமும் செலவிட்டனர். இதில் குழந்தை வளர்ப்பும் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. என்றாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் படுப்பார்கள் என்பதை இந்த எண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

தனிமை எப்படி உண்டாகிறது

விளக்கத்துக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முக்கூடல் பக்கத்துக் கிராமம். பீடி சுற்றும் பெண், வயது ஐம்பதுக்கு அருகில். கணவருக்குப் பக்கவாதம், வலது கை கால் இழுத்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மகன் வெளியூரில். இவர்தான் நிற்கிறார். மூன்றாவது வாரம் ஓடுகிறது.

1. எல்லாப் பேச்சும் இவர் வழியாகப் போகிறது. இவரிடம் வந்து நிற்பதில்லை. காலையிலிருந்து போன் வருகிறது. "டாக்டர் என்ன சொன்னாவ?", "கஞ்சி குடிச்சாவளா?", "கை அசையுதா?" ஒவ்வொருவருக்கும் அதே பதிலை முதலிலிருந்து சொல்ல வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட வேண்டும். மும்பையில் இருக்கும் கொழுந்தன் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, "இந்த ஊசி ஏன் போடல?" என்று கேட்பார். ஒரு நாளில் இருபது பேரிடம் பேசியிருப்பார், "நீ சாப்பிட்டியா, உறங்குனியா?" என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டாலும் "சாப்பிட்டேன்" என்று சொல்லி முடித்துவிடுவார். பேச்சின் அளவு கூடக்கூடத் தனிமையும் கூடுவது இப்படித்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாததற்கும் இதுவே காரணம்.

2. பார்க்க வருபவர்கள். முதல் மூன்று நாள் சொந்தம் திரண்டு வரும். ஆப்பிள், ரொட்டி, ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாம் வரும். மூக்குக் குழாய் போட்ட நோயாளிக்கு ஆப்பிள் எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை. வந்தவர் கட்டிலருகே நின்று, இதே வியாதியில் இறந்துபோன இன்னொருவரின் கதையைச் சொல்லிவிட்டு, "தைரியமா இரு" என்று கிளம்புவார். பத்தாம் நாளுக்குமேல் வரத்துக் குறையும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நம்மிடம் சாவுக்கு முறை இருக்கிறது. துட்டி கேட்க யார் வர வேண்டும், என்றைக்கு வர வேண்டும், யார் வீட்டிலிருந்து சாப்பாடு வர வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். நீண்டு இழுக்கும் நோய்க்கு அப்படியொரு முறை நம்மிடம் கிடையாது. மூன்றாவது வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததாலேயே பலர் வராமல் இருந்துவிடுகிறார்கள்.

3. ஊர் வாழ்க்கை கைவிட்டுப் போவது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுத்திருப்பார். கொடையன்று ஊரில் இருக்க மாட்டார். மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போக முடியாது. தவணை மட்டும் போக வேண்டும். பீடி சுற்றுவது கூலிக்காக மட்டும் நடக்கும் வேலையும் அல்ல. நாலு பெண்கள் ஒரு திண்ணையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் நேரமும் அதுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கிடைப்பதால், சுற்றாத நாளுக்குக் காசு இல்லை. வார்டில் உட்கார்ந்து பீடி சுற்ற முடியாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆக, வருமானமும் பேச்சுத்துணையும் ஒரே நாளில் நின்றுபோகின்றன.

4. ஆறுதல் சொல்லும் ஆளே கட்டிலில் கிடப்பது. முப்பது வருஷமாக எந்தக் கஷ்டத்தையும் யாரிடம் சொல்லி ஆற்றிக்கொண்டாரோ, அந்த ஆள் இன்று பேசவில்லை. ஆள் இருக்கிறார், கண் திறந்து பார்க்கிறார், ஆனால் பழைய மனுஷனாக இல்லை. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இதை 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். இறந்திருந்தால் அழுவதற்கு அனுமதி உண்டு. உயிரோடு இருக்கிறவருக்காக அழுதால், "ஏன் இப்படி அபசகுனமா அழுத?" என்று அதட்டுவார்கள். துக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

5. கையெழுத்து. ஆபரேஷனா வேண்டாமா, தொண்டையில் துளை போடலாமா, வென்டிலேட்டரில் வைக்கலாமா என்ற கேள்விக்கு அந்த நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் இவர். முடிவு தவறாகிவிட்டால் காலத்துக்கும் கேட்கப் போகிறவர்கள் அந்த நேரத்தில் போனில்கூடக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

வெளியே சொல்ல முடியாத எண்ணம்

துணை நிற்பவர்களின் மனநலத்தைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்று உண்டு. பல நாள் உறக்கமில்லாமல், நோயாளி படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பவர் மனத்தில், "இப்படிக் கெடந்து சீரழியறதுக்கு, போய்ச் சேந்துட்டா நல்லாருக்கும்" என்று ஓர் எண்ணம் வந்து போகும். வந்த மறுநிமிடமே, "நான் எவ்வளவு பெரிய பாவி" என்ற எண்ணமும் வரும். இரண்டாவது எண்ணம்தான் முதலாவதைவிட அதிகமாக ஆளைத் தின்கிறது. ஏனென்றால் இதை யாரிடமும் சொல்ல முடியாது: கணவரிடம் முடியாது, மகனிடம் முடியாது, மாமியாரிடம் நினைத்தே பார்க்க முடியாது.

அன்பு குறைந்ததால் வரும் எண்ணமல்ல இது. களைப்பின் உச்சியில், வேதனை எப்படியாவது முடிய வேண்டும் என்று மனம் தேடும் வழிகளில் ஒன்று. நீண்டகாலப் பராமரிப்பில் இருப்பவர்களோடு வேலை செய்யும் மருத்துவர்களும் ஆலோசகர்களும் அடிக்கடி கேட்கும் வாக்குமூலம்தான். இதைக் கேட்பவர் பதறாமல், "உங்களுக்கு அவ்வளவு தூரம் அசந்துபோச்சு" என்று சொன்னாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். அதே எண்ணம் தன்மேல் திரும்பி, "நான் செத்துப்போனாத்தான் இதுக்கு முடிவு" என்று வரத் தொடங்கினால் அது வேறு கட்டம். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் உதவி கேட்க வேண்டிய கட்டம்.

உடம்பு கொடுக்கும் கணக்கு

மனக்கஷ்டம் மனத்தோடு நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்கு 1995-இல் அமெரிக்காவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் செய்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மறதி நோயாளிகளைக் கவனித்துவந்த 13 பெண்கள். அதே வயதும் அதே வருமானமும் உள்ள, அப்படிக் கவனிக்கும் பொறுப்பில்லாத 13 பெண்கள். எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரிச் சிறு காயம் ஏற்படுத்தி, ஆறும் நாளை எண்ணினார்கள். மற்றவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறிய காயம், நோயாளியைக் கவனித்தவர்களுக்கு 48.7 நாள் எடுத்தது. ஒன்பது நாள் வித்தியாசம். நீண்ட மன அழுத்தம் உடலின் தற்காப்புச் செல்களின் வேலையையே மந்தமாக்குகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேடுவது கடினம். சிறிய ஆய்வுதான்; ஆனாலும் பின்னர் வந்த பல ஆய்வுகளுக்கு அது வழி திறந்தது.

அடுத்து வரும் இரண்டு ஆய்வுகள் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும். சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும். 1999-இல் ஷுல்ஸ், பீச் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கணவனையோ மனைவியையோ கவனித்து, அதனால் நெருக்கடியை உணர்ந்த முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம், அப்படிக் கவனிக்கும் பொறுப்பில்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. 2013-இல் ராத் குழுவினரின் பெரிய ஆய்வோ, குடும்பத்தாரைக் கவனிப்பவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 18 சதவீதம் குறைவு என்றது. எது சரி? இரண்டும்தான். முதல் ஆய்விலேயே, கவனித்தும் நெருக்கடியை உணராதவர்களுக்கு அபாயம் குறிப்பிடும்படி கூடவில்லை. ஒருவரைக் கவனித்துக்கொள்வது தன்னளவில் ஆளை அழிப்பதில்லை. மனசுக்கு நிறைவையும் தரக்கூடியது. மாற்றிவிட ஆளில்லாமல், மூச்சு விட நேரமில்லாமல் அதைச் செய்ய நேர்வதுதான் கெடுதல். 'மாத்தி விட ஆள் இல்ல' என்று வராந்தாவில் எல்லோரும் சொல்லும் அந்த வாக்கியத்தில்தான் நோயின் காரணம் இருக்கிறது என்பது என் முடிவு.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் கதை இன்னும் கடினம். அங்கே நிற்கிற ஆளுக்கு வேலை இல்லை, காத்திருப்பு மட்டும்தான். கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடும். 2005-இல் பிரான்சில் எலி அசூலே குழுவினர் பார்த்தபோது, ஐ.சி.யூ. நோயாளிகளின் குடும்பத்தாரில் மூன்றில் ஒருவருக்கு 90 நாள் கழித்தும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. நோயாளி பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும், அல்லது காரியம் எல்லாம் முடிந்த பிறகும், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை நடுங்குவது இதனால்தான். தீவிர சிகிச்சைக்குப் பின் குடும்பத்தாருக்கு வரும் இந்த நிலைக்கு 2012-இலேயே மருத்துவ உலகம் தனிப் பெயர் கொடுத்துவிட்டது.

எப்படி அடையாளம் காண்பது

நம் பக்கத்தில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "மேலுக்கு முடியல", "தலை கிறுகிறுங்கு", "நெஞ்சு படபடங்கு", "உறக்கமே பிடிக்கல" என்றுதான் வரும். ரத்த அழுத்தம் பார்த்து ஒரு மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். ஆகவே இந்தச் சொற்களையே மனநிலையின் மொழியாகவும் கேட்கப் பழக வேண்டும்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

1. ஸாரிட் சுமை அளவுகோல். 1980-இல் உருவானது. இன்று வழக்கில் உள்ள வடிவத்தில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். தனக்கென்று நேரம் இல்லையா, தன் உடல்நிலை கெட்டுவிட்டதா என்பது போன்ற கேள்விகள். பராமரிப்பவரின் சுமையையே நேராக அளப்பது இதன் சிறப்பு.

2. பி.எச்.கியூ-2. மனச்சோர்வு இருக்கக்கூடுமா என்று பார்க்க இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? 'இல்லை' என்பதற்கு 0, 'சில நாள்' என்றால் 1, 'பாதி நாளுக்குமேல்' என்றால் 2, 'அநேகமாகத் தினமும்' என்றால் 3. இரண்டும் சேர்த்து 3 அல்லது அதற்குமேல் வந்தால் மருத்துவரிடம் விரிவாகப் பேச வேண்டும். இது நோய் முடிவல்ல. கதவைத் தட்டும் சத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதைக் கேட்க ஒரு நிமிடம் போதும். ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் நோயாளியின் காய்ச்சலைக் குறிப்பதோடு, கூட நிற்பவரிடம் இந்த இரண்டு கேள்வியையும் கேட்க முடியும்.

சட்டமும் காப்பீடும் எங்கே நிற்கின்றன

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, 'பராமரிப்பாளர்' யார் என்று வரையறுக்கிறது. ஆனால் மனநோய் உள்ளவரைப் பராமரிப்பவரை மட்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மாற்றுத்திறனாளியைக் கவனிப்பவரை வரையறுக்கிறது; அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்புப் படி தருவதைப் பற்றியும் பேசுகிறது. பக்கவாதத்தோடு மூன்று வாரம் வார்டில் கிடக்கும் ஒருவருக்குத் துணை நிற்கும் மனைவி இந்த இரண்டு சட்டத்திலும் அந்த நேரத்தில் இடம் பெறுவதில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். எத்தனையோ குடும்பங்களைக் கடனில் மூழ்காமல் காப்பாற்றிய திட்டம் அது. ஆனால் நிற்கிறவர் இழந்த பீடிக் கூலிக்கோ, அவர் கடையில் வாங்கிச் சாப்பிடும் இட்லிக்கோ அதில் கணக்கு இல்லை. வைத்தியம் இலவசம் என்று ஊர் சொல்லும். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிருக்கும். ஏன் போனது என்று வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சமும் தனிமையின் ஒரு பகுதிதான்.

எது உதவுகிறது

முதலில் ஒரு சான்று. 2007-இல் பிரான்சின் 22 ஐ.சி.யூ.க்களில் 126 குடும்பங்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளிகளின் குடும்பத்தார் அவர்கள். ஒரு பாதியினரிடம் மருத்துவர்கள் வழக்கம்போலப் பேசினார்கள். மறு பாதியினருக்கு ஒரு சிறு கையேடு கொடுத்து, உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்கும் முறையில் பேசினார்கள். வழக்கமான சந்திப்பு சராசரியாக 20 நிமிடம். அதில் குடும்பத்தார் பேசியது 5 நிமிடம். புதிய முறையில் சந்திப்பு 30 நிமிடம். குடும்பத்தார் பேசியது 14 நிமிடம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேரதிர்ச்சி அறிகுறிகள் முதல் பிரிவில் 69 சதவீதம் பேருக்கும், பேசவிட்ட பிரிவில் 45 சதவீதம் பேருக்கும் இருந்தன. கூடுதலாகச் செலவானது பத்து நிமிடமும் ஒரு கையேடும்தான். நோயாளி பிழைக்கவில்லை; ஆனாலும் குடும்பத்தாரின் மனம் எப்படி ஆனது என்பது மாறியது. இந்தப் பத்து நிமிடத்துக்காக எந்த மருத்துவமனையும் புதுக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் செய்யக்கூடியவை:

1. பார்க்கப் போவதைவிட மாற்றிவிடப் போவது மேல். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "மைனி, புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு நான் வாரேன். பொழுதடையிற வரைக்கும் நான் நிக்கேன். நீங்க வீட்டுக்குப் போயி குளிச்சு உறங்கிட்டு வாங்க" என்று நாளும் நேரமும் சொல்ல வேண்டும். ஆண்கள் வார்டானால் ஆண் சொந்தக்காரர் யாராவது இரவு நிற்க முன்வர வேண்டும்.

2. வெளியூர்ப் பிள்ளைகள் மாறி மாறி மூன்று மூன்று நாள் லீவு எடுத்து வரலாம். எல்லோரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்து திரும்பினால் நிற்பவருக்கு வேலைதான் கூடும்.

3. போன் செய்திக்கு வேறொருவர் பொறுப்பு ஏற்கலாம். நிற்பவர் ஒருவரிடம் சொல்வார். அவர் மற்ற எல்லோருக்கும் சொல்வார். இருபது போன் ஒன்றாகும்.

4. கொண்டு போவதானால் நிற்பவர் சாப்பிட ஏதாவது கொண்டு போகலாம். தூக்குச்சட்டியில் சுடுசோறு, ஒரு மாற்றுச் சேலை, போன் சார்ஜர்.

மருத்துவமனைகள் செய்யக்கூடியவற்றில் படுக்க இடம், பெண்களுக்குப் பூட்டுள்ள குளியலறை, பை வைக்கப் பெட்டகம் ஆகியவற்றை வசதி என்று ஒதுக்கிவிடக் கூடாது. உறக்கமே மனநலத்தின் முதல் மருந்து. அடுத்தது பயிற்சி. குழாய் வழியே உணவு கொடுப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, எது ஆபத்து அறிகுறி என்பதை டிஸ்சார்ஜுக்கு முந்திய நாள் அவசரமாகச் சொல்லாமல், சேர்ந்த வாரத்திலேயே கற்றுக்கொடுத்தால் பயம் பெருமளவு குறையும். கர்நாடகம், பஞ்சாப், மத்தியப் பிரதேச அரசு மருத்துவமனைகளில் நூரா ஹெல்த் என்ற தொண்டு நிறுவனம் வார்டிலேயே குடும்பத்தாருக்கு வகுப்பு நடத்தும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2008-இலேயே நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று, அதாவது கடும் நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சைக்கென்று, மாநிலக் கொள்கை வந்தது. ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, நர்ஸோடு சேர்ந்து நோயாளியின் வீட்டுக்குப் போவார்கள். மருத்துவத்தின் கிளைகளில் நோய் ஆதரவு சிகிச்சைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதற்குத் தந்த வரையறையிலேயே நோயாளியோடு குடும்பமும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் தரும் ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக்கு வருகிற அந்தச் செவிலியர், கட்டிலில் இருப்பவரைப் பார்த்து முடித்த பின் அடுக்களையில் நிற்பவரையும் ஐந்து நிமிடம் உட்கார வைத்துக் கேட்டால், கேரளத்தில் நடப்பதில் ஒரு பங்காவது இங்கும் நடக்கும்.

எங்கே கேட்பது

மனநலத்துக்கான தேசியத் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸ் 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்டது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம். வார்டுக்குள் வைத்துப் பேசக் கூச்சமாக இருந்தால், மருந்து வாங்கப் போகும் வழியில் மரத்தடியில் நின்று பேசலாம்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு முதல் இரண்டு வாரம் கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸாவது இருந்தார். வீட்டில் யாரும் இல்லை. ஊரும் "அதான் வீட்டுக்கு வந்தாச்சே" என்று விட்டுவிடும். உறக்கம் திரும்பாவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், காரணமில்லாமல் அழுகை வந்தால், கணவரை ரிவியூவுக்குக் கூட்டிப்போகும் நாளில் தனக்கும் ஒரு ஓ.பி. சீட்டுப் போட்டுக்கொள்ளலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டு மனநலப் பிரிவுக்கும் போய்வரலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிரிவும் உண்டு. சீட்டுப் போடும் இடத்தில் "யாருக்கு?" என்று கேட்பார்கள். "எனக்குத்தான்" என்று சொன்னால் போதும்.